நாலாம் பக்கம்

பதினோரு வருடம் நான் வெறும் வயிற்றோடுதான் கதை வாசித்தேன். காலையில் ஒரு காபி, அதுவும் சர்க்கரை இல்லாமல். சரியாகப் பதினொன்றரைக்கு நெற்றியில் பதிவுப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் உட்காருவேன். நாளுக்கு ஒரு கதை. வாசித்து முடித்து, நாலு வரி மதிப்புரை எழுதிவிட்டு, கீழே இருக்கிற மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிடுவேன். இந்த வழக்கத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது. சாப்பிட்டுவிட்டு வாசித்தால் மனது இளகிவிடுகிறது. எழுதியவர்மேல் இரக்கம் வருகிறது. இரக்கம் வந்தால் என் பிழைப்பு போச்சு. அதனால் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

'வால்மீன்' பத்திரிகையின் 'கொடுக்கு' பத்தியை நீங்கள் வாசித்திருப்பீர்கள். அந்தக் கொடுக்கு நான்தான். புனைபெயர் பத்திரிகைக்குச் சொந்தம். என் சொந்தப் பெயர் வைகுண்டராமன் என்பது அலுவலகத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. தமிழில் வருகிற அறிவியல் புனைகதைப் பத்திரிகை, மாயக்கதைப் பத்திரிகை எல்லாவற்றையும் மாதாமாதம் என் மேசையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அச்சில் ஏழு, இணையத்தில் இருபதுக்குமேல். அதிலிருந்து இருபது சிறுகதைகளைப் பொறுக்கி மதிப்புரை எழுதுவது என் வேலை. கால இயந்திரக் கதை ஒன்றுக்கு ஒரே வரிதான் எழுதினேன்: 'என் இருபது நிமிடத்தைத் திருப்பிக் கொடுங்கள்.' கோயில் தூணில் இருந்த யாளிக்கு உயிர் வந்த கதைக்கு, 'யாளியைத் தவிர இதில் யாருக்கும் உயிர் இல்லை' என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் ஜனங்கள் என் வரிகளுக்காக வரவில்லை, பட்டைக்காக வந்தார்கள். ஆசிரியர் ஹெலன் மேடம் முதல் நாள் அதை என் நெற்றியில் கட்டிவிட்டபோது சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"நீங்க எப்பவும்போல வாசிங்க சார். எந்த வரியில என்ன தோணுதோ அது அப்படியே பதிவாயிடும். சந்தாதாரர் வீட்லயும் ஒரு பட்டை இருக்கும். அவங்க அதே கதையைப் புரட்டும்போது உங்க மனசு அவங்க மனசுல ஓடும்."

"நடுவுல எனக்கு மூத்திரம் வந்தா?"

மேடம் சிரித்துவிட்டார். "அதெல்லாம் வடிகட்டிடுவோம் சார். வலி, அரிப்பு, பசி, தூக்கம், உடம்பு சம்பந்தப்பட்ட எதுவும் போகாது. மனசு மட்டும்தான் போகும்."

"உடம்பு தனி, மனசு தனின்னு பிரிச்சிட்டீங்களா?"

"இன்ஜினியர் பிரிச்சிருக்கார். நமக்கென்ன?"

எனக்கும் ஒன்றுமில்லை என்றுதான் அன்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் குடும்பத்தோடு பட்டையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்களாம். ஒருவர் கஷ்டப்பட்டு எழுதிய கதையை இன்னொருவரின் வெறுப்போடு வாசிப்பதில் அப்படி ஒரு ருசி இருக்கிறது. நம்முடைய வெறுப்பாக இருந்தால் மனசாட்சி கொஞ்சம் உறுத்தும். இரவல் வெறுப்பில் அந்தத் தொல்லை கிடையாது. எழுத்தாளருக்கும் ஒரு பிரதி போகும். மேடம் அதை 'மரியாதைப் பிரதி' என்பார். தான் எழுதிய வரியைத் தானே அருவருத்து வாசிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் கதை எழுதுகிறவன் இல்லை. பெரும்பாலான எழுத்தாளர்கள் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் பட்டையை வீசி எறிந்துவிடுவார்கள். சிலர் பேனாவையும் வீசிவிட்டார்கள்.

பொன்மாரி மட்டும் வீசவில்லை.

சங்கரன்கோவில்காரர். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை. சின்னச் சின்னப் பத்திரிகைகளில் வருடத்துக்கு ஒரு கதை எழுதுவார், நான் வருடத்துக்கு ஒருமுறை கொட்டுவேன். 'இந்த வருசம் பொன்மாரி கதை வந்துருச்சா?' என்று வாசகர்கள் கேட்டு எழுதுகிற அளவுக்கு அது ஒரு திருவிழாவாகிவிட்டது. பத்தாவது கதைக்குப் பிறகு அவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது.

'ஐயா, உங்கள் பதிவுகளை ஒவ்வொன்றும் இருபது தடவை போட்டுப் பார்த்தேன். முதல் மூன்று பக்கம் சலிப்பு இருக்கிறது, அது பரவாயில்லை. நாலாம் பக்கம் வந்ததும் உங்களுக்கு என்மேல் ஒரு வெறுப்பு பொங்குகிறது. பத்துக் கதையிலும் அப்படியே. நாலாம் பக்கத்தில் நான் என்ன தப்புச் செய்கிறேன்? ஒரு வரி எழுதினால் திருத்திக்கொள்வேன். என் கதையை ஒருவர் ஆசையாக வாசித்தால் எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு தடவை தெரிந்துகொள்ள வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.'

பதில் போடவில்லை. அடுத்த இதழில் இப்படி எழுதினேன்: 'நாலாம் பக்கத்தில் என்ன தப்பு என்று சங்கரன்கோவில் பொன்மாரி கேட்கிறார். ஒன்று, இரண்டு, மூன்றைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை.' ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

மறுவருடம் அவருடைய பதினோராவது கதை வந்த சமயத்தில் எனக்கு வயிற்றுப்புண் முற்றியிருந்தது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பதினோரு மணிக்கு ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும். அன்று வீட்டிலிருந்து தயிர்சாதமும் நார்த்தங்காயும் கொண்டுபோய்ச் சாப்பிட்டேன். அரை மணி கழித்துப் பட்டையைக் கட்டிக்கொண்டு பொன்மாரி கதையை எடுத்தேன்.

ஒரு கப்பல், வேறொரு சூரியனை நோக்கிப் போகிறது. நானூறு பேர் உறங்குகிறார்கள். காவலுக்கு ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள். உறங்குகிறவர்கள் தூக்கத்தில் பிதற்றும் பெயர்களை அவள் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். ஐம்பது வருடம் கழித்து அவர்கள் விழிக்கும்போது பாதி நினைவு அழிந்திருக்கிறது. கிழவியாகிவிட்ட அவள் ஒவ்வொரு படுக்கையாகப் போய், 'நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்த பெயர் இது' என்று சொல்லிக் கொடுக்கிறாள். நானூறு பேரும் அழுகிறார்கள். அவள் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவுதான் கதை. நாலாம் பக்கத்தில், ஒரு குழந்தை தூக்கத்தில் சொல்லும் பெயர் அவள் காதில் சரியாக விழாமல், அது மறுபடி சொல்லுமா என்று இரண்டு வருடம் அந்தப் படுக்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அங்கே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கடைசி வரி வரைக்கும் நான் அழுதேன்.

பதிவைப் போட்டுப் பார்த்துவிட்டு ஹெலன் மேடம் என் அறைக்கே வந்துவிட்டார்.

"என்ன சார் இது?"

"நல்லா இருக்கு மேடம்."

"யாரோட கதை?"

"பொன்மாரி."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சார், அந்தம்மாவை நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னு ஜனங்க ஒரு வருசமா காத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க உக்காந்து அழுதா எப்படி? ரெண்டாவது தடவை வாசிச்சுப் பாருங்களேன்."

"முதல் வாசிப்புன்னு சொல்லித்தானே குடுக்கறோம்?"

"வெளியில யாருக்குத் தெரியப்போவுது? உங்களுக்கு உடம்பு வேற சரியில்ல. உடம்பு சரியில்லாத நேரத்துல யாருக்குமே அழுகை வரும் சார்."

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. பதினோரு வருடத்தில் ஒரு கதைக்கும் அழுததில்லை. சாப்பிட்ட அன்றைக்கு அழுதிருக்கிறேன். அப்படியானால் அழுதது நான் இல்லை, தயிர்சாதம். எவ்வளவு சுத்தமான தர்க்கம் பாருங்கள்! இதே தர்க்கத்தைத் திருப்பிப் போட்டால் பதினோரு வருட வெறுப்பு என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்ற விடவில்லை என்பதுதான் நிஜம்.

"சரி, நாளன்னைக்கு மறுபடி வாசிக்கறேன்."

"இதை என்ன பண்ண?"

"அழிச்சிடுங்க."

"உங்க பதிவை நீங்கதான் சார் அழிக்க முடியும். கட்டைவிரலை வைங்க."

வைத்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

இரண்டு நாள் கழித்து, காபியைக்கூட விட்டுவிட்டு உட்கார்ந்தேன். சலிப்பு வந்தது. நாலாம் பக்கத்தில் அந்தப் பழைய வெறுப்பு கனகச்சிதமாகப் பொங்கி வந்தது. என் மதிப்புரை: 'நானூறு பேர் உறங்கும் கப்பல். வாசகர் நானூற்றோராவது ஆள்.' அந்த மாதம் சந்தாதாரர்களிடம் அதற்குக் கிடைத்த வரவேற்பு அதுவரை எதற்கும் கிடைத்ததில்லை.

பத்து நாளில் ஒரு அஞ்சலட்டை வந்தது. 'ஐயா, நாலாம் பக்கம் எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. இனி உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. பொன்மாரி.'

அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பிறகு என் வயிறு பழிவாங்கியது. அறுவைச் சிகிச்சையில் பாதி இரைப்பையை எடுத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாக வேண்டும். பசிக்கவே விடாத உடம்போடு பட்டையைக் கட்டி உட்கார்ந்தால் எந்தக் கதையைப் பார்த்தாலும் 'பாவம், முயற்சி பண்ணியிருக்கார்' என்றுதான் தோன்றியது. ஹெலன் மேடம் ஒரு சால்வை போர்த்தி என்னை அனுப்பிவைத்தார். கொடுக்கு என்ற பெயர் இன்னொருவருக்குப் போயிற்று. யார் என்று கேட்டதற்கு, ஒப்பந்தப்படி சொல்லக் கூடாது என்றார்.

மூன்று மாதம் கழித்து மேடமே போன் செய்தார். "புது ஆள் எழுத்துல நல்ல கூர்மை சார். பதிவுலதான் காரம் பத்தல. உங்களுக்கு எப்படி அப்படி ஒரு வெறுப்பு வரும்? கொஞ்சம் சொல்லிக் குடுக்கக் கூடாதா?"

"தொழில் ரகசியம் மேடம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்த வயதிலும் அது எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டில் சும்மா இருக்கிறவன் என்ன செய்வான்? என் பழைய பதிவுகளை எடுத்துப் போட்டேன். அதுவரை என் வெறுப்பை நான் அனுபவித்ததே இல்லை. பொன்மாரியின் ஏழாவது கதை. நாலாம் பக்கத்தில் ஒரு தாய், எடையே இல்லாத அறையில் பிள்ளைக்கு நகம் வெட்டுகிறாள், வெட்டிய நகங்கள் மிதக்கின்றன, இருவரும் சிரிக்கிறார்கள். அங்கே திடீரென்று யாரையாவது அறைய வேண்டும்போல ஒரு ஆத்திரம். எதற்கு? அந்தப் பக்கத்தில் அப்படி ஒன்றுமே இல்லையே. யாளிக் கதையை எடுத்தேன், நாலாம் பக்கம். கால இயந்திரம், நாலாம் பக்கம். யார் எழுதினாலும் அந்த இடத்தில் அதே ஆத்திரம். பட்டைக்காக எல்லாக் கதையையும் ஒரே அளவுப் பக்கங்களாக அடுக்கித் தருவார்கள். நான் பதினொன்றரைக்கு ஆரம்பிப்பேன். நாலாம் பக்கத்துக்கு வரும்போது பதினொன்றே முக்கால் ஆகியிருக்கும். பதினொன்றே முக்காலுக்கு என்ன?

அதற்கு விடை மறுநாள் பக்கத்து வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது. உளுந்து வடை எண்ணெயில் விழுந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் மிச்ச வயிறு சுருண்டது. மெஸ்ஸில் தினமும் அந்த நேரத்தில்தான் வடைச்சட்டியை ஏற்றுவார்கள். என் ஜன்னலுக்கு நேர் கீழே.

இன்ஜினியர் பசியை மட்டும் வடிகட்டிவிட்டு, பசி மனதில் கிளப்பிய ஆத்திரத்தை அப்படியே விட்டுவிட்டார். அது நாலு லட்சம் பேருக்குப் போயிற்று. எழுத்தாளருக்கும் போயிற்று.

பொன்மாரியின் கதைகளைச் சாப்பிட்டுவிட்டு வரிசையாக வாசித்தேன். மூன்று சுமார்தான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. மற்ற எட்டும் நல்ல கதைகள். பதினோராவதை வீட்டிலிருந்த பட்டையைக் கட்டிக்கொண்டு வாசித்தேன். தேம்பித் தேம்பி அழுதேன். அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு ரயில் ஏறினேன். அவர் கேட்டது ஒரே ஒரு ஆசையான வாசிப்பு. அதைக் கொடுத்துவிட்டால் போதும் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"நான் வைகுண்டராமன். கொடுக்குன்னு எழுதிக்கிட்டு இருந்தது நான்தான்மா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உள்ள வாங்க சார். நீங்க இப்படி ஒல்லியா இருப்பீங்கன்னு நெனைக்கல. எனக்கு உங்கள உள்ளயிருந்துதான தெரியும்."

மேசையில் ஒரு தட்டில் இட்லி, சட்னி. அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பட்டை, கவிழ்த்து வைத்த அச்சுத்தாள் கட்டு.

"எழுதறீங்களா?"

"இல்ல சார். எழுத்த விட்டு எட்டு மாசம் ஆச்சு."

பதிவைக் கொடுத்தேன். "உங்க கப்பல் கதையை நான் வாசிச்சது. இதுதான் நிஜமான வாசிப்பு. போட்டுப் பாருங்க."

அவர் பட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் மாறவில்லை. நாலாம் பக்கம் என்று நான் கணக்கிட்ட இடத்தில் அவர் தோள் மட்டும் ஒருமுறை ஒடுங்கியது, அடி விழப்போகிறது என்று தெரிந்தவர்களுக்கு ஒடுங்குமே, அப்படி. கழற்றி வைத்தார்.

"இது முதல் வாசிப்பு இல்லையே சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியாதா? இந்த அழுகை கதைக்கு வந்தது இல்ல. உங்களுக்காக நீங்க அழுதது. அவ அந்தப் புள்ள பக்கத்துல உக்காந்திருக்கா, நீங்க அவளப் பாக்கவே இல்ல. பொன்மாரி என்ன மன்னிப்பாளான்னு பாத்துக்கிட்டு இருக்கீங்க."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வெறும் வயிறு, மெஸ், தயிர்சாதம், முதல் தடவை நிஜமாகவே அழுதது.

"வடையா சார்?"

"ஆமாம்மா."

"மூணாவது கதையில நாலாம் பக்கத்துல ஒரு அம்மா செத்துப்போவா. உங்களுக்குப் பிடிக்கலன்னு அடுத்த கதையில யாரையும் சாக விடல. ஆறாவதுல அந்தப் பக்கத்த மட்டும் முப்பது தடவ எழுதினேன். எங்க வீட்டுக்காரர், நாலாம் பக்கத்துக்கே வாழ்க்கைப்பட்டிருக்கியான்னு கேப்பாரு. வடைக்குன்னு தெரிஞ்சிருந்தா..." முடிக்கவில்லை. "அந்த முதல் பதிவு எங்க சார்?"

"அழிஞ்சிருச்சு."

"யாரு அழிச்சா?"

"நான்தான்."

தலையை ஆட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தேன். அவரோ இட்லித் தட்டைப் பார்த்தபடி, கடையில் விலை விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"வெறும் வயிறுன்னா எப்பயிருந்து சார்?"

"முந்தின நாள் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணும் கிடையாது."

"காப்பி?"

"சர்க்கரை இல்லாம. எதுக்கும்மா கேக்கறீங்க?"

அவர் இன்னொரு தட்டை எடுத்து இட்லியின்மேல் கவிழ்த்தார். "மேடம் மாசாமாசம் கேக்காங்க, காரம் பத்தல, காரம் பத்தலன்னு. நானும் என்னென்னமோ செஞ்சு பாத்தேன். சாப்பிடாம உக்காரணும்னு எனக்குத் தோணவே இல்ல."

எனக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆயிற்று. அவர் தாள் கட்டை நிமிர்த்தினார். மேலே அறந்தாங்கியிலிருந்து யாரோ ஒருவரின் கதை. ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது: 'இது என் முதல் கதை. குறைகள் இருந்தால் சொல்லவும்.'

"உங்களை எப்படிம்மா எடுத்தாங்க?"

"நானேதான் எழுதிக் கேட்டேன். கொடுக்கு மனசு எனக்கு மனப்பாடம்னு. பதினோரு பதிவு, ஒவ்வொண்ணும் இருபது தடவ. அந்த மனசு வேற யாருக்குத் தெரியும்?"

"வேண்டாம்மா. உங்களுக்கு ஆனது இன்னொருத்தருக்கு..."

"அதச் சொல்ல நீங்க யாரு சார்?" என்றார். குரலில் கோபமே இல்லை. "இந்த ஒண்ணுதான் எனக்கு நீங்க சொல்லிக் குடுத்தது. மத்த எல்லாத்தையும் அழிச்சிட்டீங்க. கெளம்புங்க, மணி பதினொன்னரை ஆகப்போவுது. எனக்கு வேல இருக்கு."

எனக்குச் சாப்பிட வேண்டிய நேரம் தாண்டிவிட்டிருந்தது. கவிழ்த்த தட்டுக்கடியிலிருந்து சட்னி வாசனை வந்தது. சாப்பிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. தெருவில் நின்று பையிலிருந்த பிஸ்கட்டைத் தின்றேன். ஜன்னல் வழியே அவர் பட்டையைக் கட்டுவது தெரிந்தது.

அடுத்த மாதம் 'வால்மீன்' வந்தது. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அறந்தாங்கிக்காரரின் கதையை முதலில் பட்டையில்லாமல் வாசித்தேன். நல்ல கதை. பிறகு கொடுக்கின் பதிவோடு வாசித்தேன். முதல் வரியிலிருந்தே காரம் இருந்தது, மேடம் இனிக் குறை சொல்ல முடியாது. நாலாம் பக்கத்துக்கு வந்தபோது என் பதிவுகள் எதிலும் ஒருபோதும் இல்லாத ஒன்று அதில் சேர்ந்துகொண்டது. என்னவென்று தெரிந்துகொள்ள அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். அது கொட்டுகிற சந்தோஷம்.